வாய்தா: வர இயலாதவளின் வரலாறு

வாய்தா என்ற சொல் உருதுவிலிருந்து தமிழுக்கு வந்தது. அதன் மூலப்பொருள் வாக்குறுதி, கொடுத்த வாக்கு. ஒருகாலத்தில் நிலவரி கட்டவேண்டிய தவணையையும் வாய்தா என்றே சொன்னார்கள். பிறகு நீதிமன்றம் அடுத்ததாகக் குறித்துத் தரும் தேதிக்கு அது நிலைத்த பெயரானது. ஆஜர், வக்காலத்து, அமீனா என்று நீதிமன்ற வாசலில் நாம் கேட்கும் சொற்களில் பலவும் இப்படி வந்தவைதான். வந்த வழியில் வாய்தாவின் பொருள் மட்டும் தலைகீழாகிவிட்டது. இன்று ஒருவர் வாய்தா சொல்கிறார் என்றால், வாக்குத் தவறுகிறார், இழுத்தடிக்கிறார் என்றுதான் எங்கள் தருமபுரிப் பக்கத்தில் எடுத்துக்கொள்வார்கள்.

வழக்குகள் தேங்குவது பற்றிய எல்லாப் பேச்சிலும் வாய்தாதான் குற்றவாளி. அதன் இன்னொரு பக்கத்தை இங்கே பார்க்க விரும்புகிறேன். வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு பெண் மேல்முறையீடு செய்திருக்கிறாள். விசாரணைக்குத் தேதி குறித்தாயிற்று. அன்று அவளால் வரமுடியவில்லை. தேதியைத் தள்ளிவைப்பதா, அவள் இல்லாமலேயே முடிப்பதா? பார்வைக்கு இது அலுவலக நடைமுறை போலத் தெரியும். யாருடைய வராமையைச் சட்டம் புரிந்துகொண்டது, யாருடைய வராமையைக் குற்றமாக்கியது என்று தேடிப் போனால், பெண்களின் உழைப்பைப் பற்றிய ஒரு நீண்ட கதை கிடைக்கிறது.

சபைக்கு வர இயலாது என்றவள்

எங்கள் பகுதியில் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும். துகிலுரிதல் கூத்தன்று கூட்டம் அதிகம். சேலை வளர்ந்துகொண்டே போகும் காட்சிதான் எல்லோர் நினைவிலும் நிற்கிறது. அதற்கு முன்னால் நடந்தது அவ்வளவாக நிற்பதில்லை. சபைக்கு வரச்சொல்லித் தேர்ப்பாகன் அழைக்க வருகிறான். பாஞ்சாலி உடனே எழுந்து போகவில்லை. ஒரு கேள்வியைக் கொடுத்து அவனைத் திருப்பி அனுப்புகிறாள்: தன்னைத் தோற்றபின் என்னைப் பணயம் வைக்க அவருக்கு உரிமை உண்டா? இழுத்துப்போக வந்தவனிடம், தான் மாதவிலக்கில் இருப்பதையும் ஒற்றை ஆடையோடு இருப்பதையும் சொல்கிறாள். இன்று சபைக்கு வரும் நிலையில் இல்லை என்பதே அதன் பொருள்.

வழக்காடும் மொழியில் சொன்னால், அவள் அதிகார வரம்பையும் கேட்டாள், வாய்தாவும் கேட்டாள். இரண்டும் மறுக்கப்பட்டன. அவளைக் கூந்தலைப் பிடித்து இழுத்துவந்து ஆஜர்படுத்தினார்கள். பாடம் நடத்தும்போது இந்த இடத்தில் நான் நிறுத்திக் கேட்பேன்: அவள் சொன்ன காரணத்தை அந்தச் சபையில் ஒருவராவது காரணமாக ஏற்றாரா? பீஷ்மரும் துரோணரும் இருந்த சபை அது. தருமம் சூட்சுமமானது என்று பேசத் தெரிந்தவர்களுக்கு, ஒரு பெண்ணின் உடல்நிலை ஒரு காரணம் என்பது தெரியாமல் போயிற்று.

சிலப்பதிகாரத்தில் இதன் மறுபக்கம். கோவலனைச் சபைக்கு அழைக்கவே இல்லை. பொற்கொல்லன் சொன்னதை மட்டும் கேட்டு முடிவெடுத்தார்கள். இன்று எக்ஸ்பார்ட்டி என்று நாம் சொல்லும் ஒருதலைத் தீர்ப்பு அதுதான். வர இயலாதவளை இழுத்துவருவதும், வந்திருக்கக்கூடியவனைக் கேட்காமலே முடிப்பதும் ஒரே அநீதியின் இரண்டு முகங்கள். எதிர்த்தரப்பின் பேச்சையும் கேட்டபிறகே தீர்க்கவேண்டும் என்னும் விதியை இன்று இயற்கை நீதி என்கிறோம். வாய்தா என்ற ஏற்பாடு நிற்பது அந்த விதியின் மேல்தான்.

1859: இரண்டு சட்டங்கள்

ஆங்கிலேயர் 1859ஆம் ஆண்டு இந்தியாவுக்கு ஒரு உரிமையியல் நடைமுறைச் சட்டம் கொண்டுவந்தார்கள். நாட்டு வழக்கப்படி பொதுவெளியில் வரக் கட்டாயப்படுத்தக் கூடாத பெண்கள் நீதிமன்றத்தில் நேரில் ஆஜராக வேண்டியதில்லை என்று அது விலக்குக் கொடுத்தது. அந்த விலக்கு 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் 132ஆம் பிரிவிலும் தொடர்ந்தது. அப்படிப்பட்ட பெண்ணின் சாட்சியத்தை வீட்டுக்கே ஆணையரை அனுப்பிப் பதிவுசெய்ய முடிந்தது. திரைக்குப் பின்னிருந்த ஜமீன் பெண்களுக்காகப் பேசுவதற்கென்றே கொர்னீலியா சொராப்ஜி 1904இல் வங்காளத்தின் கோர்ட் ஆஃப் வார்ட்ஸில் நியமிக்கப்பட்டார். பெண் வர முடியாது என்றால் நீதிமன்றம் அவளிடம் போகும் என்ற கருத்து நமக்குப் புதிதில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அது சட்டத்தில் இருந்தது.

அதே 1859ஆம் ஆண்டு இன்னொரு சட்டமும் வந்தது. தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் என்று அதற்குப் பெயர். முன்பணம் வாங்கிய கூலியாள் வேலைக்கு வராமல் போனால் முதலாளி மாஜிஸ்டிரேட்டிடம் புகார் செய்யலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் வேலையை முடித்துக் கொடு என்று மாஜிஸ்டிரேட் உத்தரவிடுவார். மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். தென்னிந்தியத் தோட்டங்களில் கூலிகளைக் கட்டிவைக்கப் பயன்பட்ட சட்டம் இது. 1925இல்தான் இதை நீக்கச் சட்டம் இயற்றினார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பெண்ணின் வராமை அவள் குலத்தின் கௌரவம், அதைச் சட்டம் காக்கும். இன்னொரு பெண்ணின் வராமை குற்றம், அதற்குச் சிறை. தேயிலைக் கொழுந்து கிள்ளியவளும் காப்பிப் பழம் பறித்தவளும் பொதுவெளிக்கு வந்து உழைத்தார்கள் என்பதாலேயே, பொதுவெளிக்கு வர இயலாத நாள் என்று அவர்களுக்கு எதுவும் இருப்பதாகச் சட்டம் கருதவில்லை. காய்ச்சல், பேறுகாலம், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, மாமியார் படுக்கையில் கிடப்பது எல்லாம் கௌரவத்தின் பட்டியலில் இல்லாதவை. சாதியும் வர்க்கமும் சேர்ந்துதான் ஒரு பெண்ணின் வராமைக்கு மதிப்பிட்டன. இந்த ஏற்றத்தாழ்வின் சுவடு இன்றைய தொழிலாளர் நீதிமன்ற வராந்தாவிலும் இருக்கிறது.

வேலை வழக்கும் சேலமும்

சுதந்திரம் வந்த 1947ஆம் ஆண்டு, நீக்கப்பட்டவர் கேள்வி கேட்பதற்கு இரண்டு வாசல்களைத் திறந்தது. ஒன்று, மத்தியச் சட்டமான தொழில் தகராறுச் சட்டம். இரண்டாவது, சென்னை மாகாணம் இயற்றிய கடைகள், நிறுவனங்கள் சட்டம். ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்த ஒருவரைத் தகுந்த காரணமும் முன்னறிவிப்பும் இல்லாமல் நீக்கக் கூடாது என்று அதன் 41ஆம் பிரிவு சொல்லிற்று. நீக்கினால் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். ஜவுளிக்கடையில் மடித்துக் கொடுக்கும் பெண்ணுக்கும், தனியார் அலுவலகத்தில் கணக்கெழுதும் பெண்ணுக்கும் இது பெரிய வாசல்.

வாசல் எங்கே இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. தருமபுரி 1965 அக்டோபர் 2 வரை சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. மாவட்டம் பிரிந்து அறுபது ஆண்டுகள் ஆகின்றன. வேலை வழக்கென்றால் எங்கள் ஊரார் சேலத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். தீர்த்தமலையிலிருந்து அரூருக்கு ஒரு பேருந்து, அரூரிலிருந்து மஞ்சவாடிக் கணவாய் வழியாகச் சேலத்துக்கு இன்னொரு பேருந்து, அங்கிருந்து டவுன் பஸ். பத்தரை மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள் என்றால் விடியுமுன் அடுப்புப் பற்றவைக்க வேண்டும். அன்றைய கூலி போயிற்று. ஆள் போகாத அன்று வழக்குப் போயிற்று.

முதலாளி தரப்புக்கு இந்தக் கணக்கு இல்லை. அவருக்காக மேலாளர் வருவார், அவர் வராவிட்டால் கணக்கர் வருவார், முதலாளிகள் சங்கத்திலிருந்து ஒருவர் வருவார். தொழில் தகராறுச் சட்டத்தின் 36ஆம் பிரிவு தொழிலாளிக்கும் ஒரு வழி வைத்தது: தொழிற்சங்க நிர்வாகி அவருக்காக ஆஜராகலாம். வழக்கறிஞர் வரவேண்டுமானால் எதிர்த்தரப்பின் சம்மதமும் தீர்ப்பாயத்தின் அனுமதியும் வேண்டும். சங்கம் உள்ள ஆலையில் இது தொழிலாளிக்குப் பாதுகாப்பு. சங்கமே இல்லாத கடையில், வீட்டில், சிறு பட்டறையில் வேலை செய்யும் பெண்ணுக்கு அவள் உடம்பு ஒன்றுதான் பிரதிநிதி. அது வராவிட்டால் அவள் தரப்பே வரவில்லை.

தந்தை இறந்தபோது

வர இயலாமையைத் தொழிலாளர் சட்டம் எப்படிப் பார்க்கவேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1980இல் கிரிண்ட்லேஸ் வங்கி வழக்கில் தெளிவாக்கியது. வங்கிக்கும் தொழிலாளர்களுக்கும் இடையிலான தகராறு மத்திய அரசின் தொழில் தீர்ப்பாயத்தில் இருந்தது. விசாரணை 1976 டிசம்பர் 9. தொழிலாளர் சங்கப் பொதுச்செயலாளரின் தந்தை நவம்பர் மாதம் இறந்துவிட்டார். சிராத்தம் அதே டிசம்பர் 9 அன்று வந்தது. சங்கத்தின் வழக்கறிஞர் தந்தியைக் காட்டி வாய்தா கேட்டார். தீர்ப்பாயம் மறுத்து, அன்றே ஒருதலையாகத் தீர்ப்பளித்தது.

சங்கம் திரும்ப மனுப் போட்டது. போதுமான காரணம் இருந்தது என்று கண்ட தீர்ப்பாயம் தன் தீர்ப்பைத் தானே ரத்துசெய்தது. அப்படிச் செய்ய அதற்கு அதிகாரம் இல்லை என்று வங்கி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை என்பது வங்கியின் வாதம். வெளிப்படையான வரி இல்லாவிட்டாலும், தன் கடமையை நியாயமாகச் செய்வதற்குத் தேவையான அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு என்றது உச்ச நீதிமன்றம். போதுமான காரணத்தால் வர இயலாதவருக்கு எதிராகத் தீர்ப்பளிப்பது, அறிவிப்பே அனுப்பாமல் தீர்ப்பளிப்பதற்குச் சமம் என்பது அதன் சாரம். தீர்ப்பு வெளியாகி முப்பதாம் நாள் வரை அதைத் திருத்திக்கொள்ளத் தீர்ப்பாயத்துக்கு இடம் இருந்தது.

இந்தத் தீர்ப்பு தொழிலாளிக்குக் கிடைத்த பெரிய துணை. இதில் வரும் காரணத்தையும் கவனிக்கவேண்டும். மகன் தந்தைக்குச் செய்யும் சடங்கு. தேதி உறுதியானது, தந்தி உண்டு, சமூகம் முழுவதும் ஒப்புக்கொண்ட கடமை. நீதிபதிகளும் மகன்களே. இந்தக் காரணத்தைப் புரிந்துகொள்ள யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பிள்ளைக்கு இரவு முழுக்கக் காய்ச்சல் என்பதற்கு எந்தத் தந்தியைக் காட்டுவது?

அறுபது நாள்

1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின் 12ஆம் பிரிவைச் சொல்ல வேண்டும். பேறுகால விடுப்பில் இருக்கும் பெண்ணை, அந்த விடுப்புக்காகவோ விடுப்பின்போதோ நீக்குவது சட்டவிரோதம் என்று அது சொன்னது. நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம். எத்தனை நாளுக்குள்? நீக்கிய செய்தி அவளுக்குக் கிடைத்த நாளிலிருந்து அறுபது நாளுக்குள்.

அறுபது நாள் என்பது காகிதத்தில் போதுமான காலம். பிள்ளை பெற்றவளுக்கு அந்த அறுபது நாள் என்னவென்று நமக்குத் தெரியும். பச்சை உடம்பு, தையல் ஆறாத வயிறு, இரண்டு மணிக்கொருதரம் பால். சட்டம் அவளுக்கு வேலையிலிருந்து விடுப்புக் கொடுத்தது. வழக்கிலிருந்து விடுப்பு உண்டா என்று சொல்லவில்லை.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருந்தார். இருபது ஆண்டுகளுக்கு முன், நான் முனைவர் பட்ட ஆய்வில் இருந்த காலம். வெளியூர் ஜவுளிக்கடை ஒன்றில் ஆறு ஆண்டு வேலை பார்த்தவர். இரண்டாவது பிள்ளை பிறந்தபின் கடைக்குப் போனபோது, ஆள் போட்டாயிற்று என்று சொல்லிவிட்டார்கள். மேல்முறையீட்டு மனுவை யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதன் பிறகான கடிதங்களை எழுதுவது என் வேலையானது. “நீதான் தமிழு படிச்ச புள்ள, நல்லா பணிவா எழுது கண்ணு” என்பார்.

முதல் தேதிக்குப் போனார், கடைக்காரர் தரப்பு வாய்தா கேட்டது, கிடைத்தது. இரண்டாம் தேதிக்குப் போனார், அதிகாரி வேறு பணியில் இருந்தார். மூன்றாம் தேதிக்கு முதல்நாள் இரவு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, அரூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் எழுதிய கடிதத்தை அக்காவின் தம்பி எடுத்துப்போனான். அவன் போய்ச் சேர்ந்தபோது பெயர் கூப்பிட்டு முடிந்திருந்தது. மனுதாரர் வராமையால் தள்ளுபடி.

அவர் வந்த இரண்டு நாளும் எந்தக் குறிப்பிலும் ஏறவில்லை. வராத ஒரு நாள் மட்டும் உத்தரவாக எழுதப்பட்டது. குழந்தையின் ஓ.பி. சீட்டை இணைத்து, வழக்கை மறுபடி கோப்பில் எடுக்கக் கேட்டு மனுப் போட்டோம். பல மாதம் கழித்து எடுத்தார்கள். மறுபடி முதல் தேதியிலிருந்து தொடங்க வேண்டும். அக்கா போகவில்லை. கடைக்காரர் கொடுத்த சிறு தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டுப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். “நியாயத்துக்குப் போயிட்டு வர பஸ்சு காசு இல்ல கண்ணு” என்றார். அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று எந்த அதிகாரியும் கடைசிவரை முடிவு செய்யவே இல்லை.

லண்டனிலிருந்து இரண்டு தீர்ப்புகள்

வேலை வழக்கில் வர இயலாமை என்ற இந்தக் கேள்வி உலகெங்கும் உண்டு. இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002ஆம் ஆண்டு ஜூலையில் அடுத்தடுத்து இரண்டு வழக்குகளைத் தீர்த்தது. இரண்டும் இனப் பாகுபாடு பற்றிய வேலை வழக்குகள்.

முதலாவது டெய்னஸ் வழக்கு. எதிர்த்தரப்பு லண்டனின் வாண்ட்ஸ்வொர்த் நகர நிர்வாகம். கடும் மனவழுத்தத்தில் இருப்பதால் விசாரணைக்குப் போகவேண்டாம் என்று மருத்துவர் அறிவுறுத்திய பிறகும், வேலைத் தீர்ப்பாயம் தள்ளிவைக்க மறுத்தது. மேல்முறையீட்டில் அது தவறு என்றானது. நியாயமான விசாரணைக்கு ஒருவர் இருப்பது தேவை, அவர் தன் குற்றம் ஏதுமின்றி வர இயலவில்லை என்றால், மற்றவர்களுக்கு எவ்வளவு சிரமமானாலும் வழக்கமாகத் தள்ளிவைத்தே ஆகவேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. இயலாமை உண்மையானது என்று காட்டும் பொறுப்பு கேட்பவருடையது என்பதையும் சேர்த்தே சொன்னது.

இரண்டாவது ஆண்ட்ரியூ வழக்கு. தொடுத்தவர் ஒரு பெண். உடல்நலமில்லை என்று சான்று கொடுத்தார். அவர் விசாரணைக்கு வர இயலுமா, இயலாதென்றால் எப்போது இயலும் என்று குறிப்பான கேள்விகளுக்கு மருத்துவரின் பதிலைத் தீர்ப்பாயம் கேட்டது. வந்த அறிக்கை அவற்றுக்குச் சரியாக விடை சொல்லவில்லை. தீர்ப்பாயம் வழக்கையே நீக்கியது. அது சரிதான் என்று முடிந்தது.

இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது ஒரு நடைமுறை உண்மை தெரிகிறது. வேலைக்குப் போக இயலாது என்ற மருத்துவச் சான்று, விசாரணைக்கு வர இயலாது என்பதற்குச் சான்றாகாது. இன்ன தேதி விசாரணையில் கலந்துகொள்ள இயலாது, இத்தனை நாளில் இயலக்கூடும் என்று மருத்துவர் எழுதவேண்டும். நம் ஊர் மருத்துவமனையில் இப்படிக் கேட்டு வாங்க ஒரு பெண்ணுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்க வேண்டிய சொற்கள் இவைதான்.

வாய்தா ஆயுதமாகும்போது

வாய்தா கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிடலாமா? கொடுத்தால் அதன் பலனை யார் எடுப்பார்கள் என்பதும் நமக்குத் தெரியும். காத்திருக்க வசதி உள்ளவருக்குத் தாமதம் ஓர் ஆயுதம். அக்காவின் வழக்கில் முதல் வாய்தா கடைக்காரருடையது என்பதை மறக்க வேண்டாம். காத்திருத்தலை நம் இலக்கணம் பெண்ணுக்கே உரிய ஒழுக்கமாக வைத்தது. முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தல், தலைவன் குறித்துச் சென்ற பருவம் வரை தலைவி ஆற்றியிருத்தல். கார்காலம் வந்தும் தேர் வராதபோது, இது காரல்ல என்று தோழி தேற்றுவதும் அந்த மரபில் உண்டு. நீதிமன்ற வராந்தாவில் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லும் குரலைக் கேட்கும்போது எனக்கு அந்தத் தோழி நினைவுக்கு வருவாள். ஆனால் வாடகையும் பள்ளிக் கட்டணமும் கார்காலத்துக்காகக் காத்திருப்பதில்லை.

சட்டம் சில இடங்களில் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. மறுபடி வேலை கொடு என்று தீர்ப்பான பிறகு முதலாளி உயர் நீதிமன்றத்துக்குப் போனால், வழக்கு முடியும்வரை தொழிலாளிக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தைக் கொடுக்கவேண்டும் என்று தொழில் தகராறுச் சட்டத்தில் 17பி என்ற பிரிவை 1982ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. அவர் வேறெங்கும் சம்பளத்துக்கு வேலை செய்யாமலிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தாமதத்துக்கு ஒரு விலை உண்டு, அதை வேலையிழந்தவர் மட்டுமே கட்டக்கூடாது என்ற நியாயம் அதில் இருக்கிறது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் 2013ஆம் ஆண்டு விதிகளையும் ஒவ்வொரு மாணவியும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். புகார் கொடுத்தவரோ எதிர்த்தரப்போ போதுமான காரணமின்றித் தொடர்ந்து மூன்று அமர்வுகளுக்கு வராவிட்டால், புகார்க் குழு விசாரணையை முடித்துவிடலாம் அல்லது ஒருதலையாக முடிவெடுக்கலாம். அதற்குமுன் பதினைந்து நாள் அவகாசத்தோடு எழுத்தில் அறிவிப்புத் தரவேண்டும். ஒரு முறை வராததற்காகப் புகாரைக் கைவிட்டதாக எந்தக் குழுவும் எழுத முடியாது. விசாரணைக் காலத்தில் மூன்று மாதம் வரை விடுப்புக் கேட்கவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. பேசிப் பேசி வாங்கிய அவகாசம் இது.

வாச்சாத்தி: வந்துகொண்டே இருந்தவர்கள்

எங்கள் அரூர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு வாய்தாவைப் பற்றி எழுதினால் வாச்சாத்தியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. 1992 ஜூன் 20. சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் நுழைந்தார்கள். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். ஊரே சூறையாடப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் சிறையில் அடைக்கப்பட்டார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் விடாமல் நின்றதால் வழக்கு நிலைத்தது. உயர் நீதிமன்ற உத்தரவால் 1995இல் விசாரணை சி.பி.ஐ.யிடம் போயிற்று.

குற்றம்சாட்டப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள். தருமபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்த நாள் 2011 செப்டம்பர் 29. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று அதை உறுதிசெய்தது. சம்பவத்திலிருந்து முப்பத்தோரு ஆண்டு. அத்தனை காலமும் அந்தப் பெண்கள் காட்டிலும் வயலிலும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, கூப்பிட்டபோதெல்லாம் வந்தார்கள், அடையாளம் காட்டினார்கள், குறுக்கு விசாரணைக்கு நின்றார்கள். பல வாய்தாக்களைத் தாண்டி அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள் என்பதுதான் அந்த வழக்கின் முதுகெலும்பு.

இதில் எனக்கு முக்கியமானது இன்னொன்றும் உண்டு. தீர்ப்புக்கு முன், 2023 மார்ச்சில், மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே போனார். ஊரைப் பார்த்தார், பெண்களிடம் பேசினார். பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் ரூபாய் தரவேண்டும், வேலையோ சுயதொழிலோ ஏற்பாடு செய்யவேண்டும் என்றும் தீர்ப்பில் சொன்னார். 1859இல் திரைக்குப் பின்னிருந்த சீமாட்டிக்காக மட்டும் வீடு தேடிப்போன நீதிமன்றம், ஒரு பழங்குடி ஊரைத் தேடிப்போவதற்கு இத்தனை காலம் ஆயிற்று. போக முடியும் என்பது இப்போது தெரிந்துவிட்டது.

கேட்க வேண்டியவை

மேல்முறையீட்டு அலுவலகங்கள் செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. தேதி குறிக்கும்போது மனுதாரரிடம் அந்த நாள் தோதுப்படுமா என்று கேட்கலாம். ஒவ்வொரு வாய்தாவையும் யார் கேட்டார், ஏன் கேட்டார் என்று கோப்பில் எழுதலாம். வந்து திரும்பியவருக்கு வழிச்செலவைக் கேட்டவரிடமிருந்து வாங்கித் தரலாம். உரிமையியல் நீதிமன்றங்களில் வாய்தாவுக்குச் செலவுத்தொகை விதிக்க இடமுண்டு, மூன்று முறைக்கு மேல் கூடாது என்ற வரம்பும் உண்டு. பிள்ளையின் நோயும் பேறுகாலமும் முதியோரைப் பார்த்துக்கொள்வதும் போதுமான காரணங்கள் என்று விதியிலேயே எழுதலாம். காணொளி விசாரணையும் உதவும், பெண்ணின் கையில் சொந்தமாக ஒரு செல்பேசி இருந்தால்.

பெண்கள் செய்யக்கூடியவையும் உண்டு. வர இயலாது என்றால் தேதிக்கு முன்பே எழுத்தில் தெரிவியுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், சீட்டோ சான்றோ இணையுங்கள். வராமையால் தள்ளுபடியானால் கதை முடிந்தது என்று நினைக்காமல், காரணத்தைச் சொல்லி உடனே மீட்பு மனுப் போடுங்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பாராமல் எல்லாப் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. வட்ட அளவிலும் அதற்குக் குழு இருக்கிறது.

இப்போதெல்லாம் என் மாணவிகளுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். விடுமுறையில் உங்கள் ஊருக்கு அருகிலிருக்கும் நீதிமன்றத்துக்கு ஒருநாள் போய், பின்வரிசையில் உட்காருங்கள். யார் பெயர் கூப்பிடுகிறார்கள், யார் வரவில்லை, யார் வாய்தா கேட்கிறார்கள், யாருக்குக் கிடைக்கிறது என்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். போன ஆண்டு ஒருத்தி தன் குறிப்பேட்டில் இரண்டு பத்திகளுக்குக் கோடு போட்டிருந்தாள். ஒன்று, வரவில்லை. மற்றொன்று, ஏன் வரவில்லை என்று கேட்டார்களா? இரண்டாவது பத்தி பெரும்பாலும் காலியாகவே இருந்தது.